கரணமும் சட்டமும்

அந்தமான் தீவுகளின் தலைநகரமான போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரின் கடலோர மேட்டில் அமைந்த மரைன் ஹில் பகுதியிலிருந்து நோக்கினால் நீர்ப்பரப்புக்கு அப்பால் ஒரு சிறு தீவு தெரியும். 2018இல் நேதாஜியின் பெயர் சூட்டப்பெற்ற அத்தீவு, முன்பு ராஸ் தீவு என்று வழங்கியது. 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பின் தலைமையகம் அங்குதான் இருந்தது. செல்லுலார் சிறையை அறியாதவர் இலர். ஆனால் அச்சிறை கட்டி முடிக்கப்பட்ட 1906ஆம் ஆண்டிற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே ஆங்கில அரசு இக்கரையில் வேறொரு காரியத்தையும் செய்து வந்தது. அது கைதிகளுக்குத் திருமணம் செய்து வைத்தது.

நன்னடத்தையுடன் குறிப்பிட்ட ஆண்டுகளைக் கழித்த ஆண் கைதிகளுக்கு நிலமும் ஓரளவு சுதந்திரமும் அளிக்கப்பட்டன. அத்தகையோர் பெண்கள் சிறையிலிருந்த ஒருத்தியை அதிகாரிகளின் அனுமதியுடன் மணந்துகொள்ளலாம். பெண்கள் வரிசையாக நிறுத்தப்பட, ஆண்கள் வந்து பார்த்துத் தேர்ந்தனர். வங்காளத்தவனும் பஞ்சாபியும், பஞ்சாபியும் மதராஸ் மாகாணத்தவளும் எனச் சாதியும் மொழியும் கடந்த இல்லறங்கள் அமைந்தன. அவ்வில்லறங்களில் பிறந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் 'லோக்கல் பார்ன்' என்ற பெயரால் அறியப்படுகின்றனர்.

திருமணம் என்பது இரண்டு குலங்கள் கூடி, அக்கினியை வலம்வந்து, தெய்வத்தைச் சாட்சியாக்கி நடத்தும் சடங்கு என்று நம்பிய சமூகத்திலிருந்து வந்தவர்களே அக்கைதிகளும். அங்கே அவர்களுக்குக் குலம் இல்லை, உறவு இல்லை, பெண்ணைத் தாரை வார்க்கத் தந்தையும் இல்லை. அரசின் ஒப்புதல் ஒன்றே இருந்தது. அது திருமணந்தானா? ஆம் என்றால் திருமணத்தைத் திருமணமாக்குவது எது? அன்று என்றால் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் யார்? சமய நம்பிக்கை திருமணச் சட்டத்தை வகுக்கலாமா என்ற வினா, நூல்களில் படிக்கும்போது ஒரு தத்துவ விவாதமாகத் தோன்றுகிறது. அந்தமானில் அது ஒரு குழந்தையின் பெயருக்கும் உரிமைக்கும் உரிய வினாவாக இருந்தது.

மாறுவதும் மாறாததும்

இன்னொரு வினாவும் உண்டு. தீவுக்கு அனுப்பப்பட்டவனின் மனைவி தாய்நாட்டில் இருந்தாள். அவன் இறந்தவனல்லன், ஆயினும் திரும்பி வருவான் என்று சொல்வதற்குமில்லை. அவள் நிலை என்ன?

கடல்கடந்து செல்வதைப் பௌதாயன தர்ம சூத்திரம் வீழ்ச்சிக்குரிய செயல்களில் ஒன்றாகக் கூறுகிறது. 'காலாபானி' என்ற சொல்லுக்கிருந்த அச்சம் இந்த நம்பிக்கையிலிருந்தே எழுந்தது. பராசர ஸ்மிருதியோ, கணவன் காணாமற் போனாலும், இறந்தாலும், துறவு பூண்டாலும், ஆண்மையற்றவனாயினும், வீழ்ச்சியுற்றாலும் மனைவி வேறொரு கணவனைப் பெறலாம் என்ற கருத்தைக் கூறுகிறது. இச்சுலோகத்தை ஆதாரமாகக் காட்டியே ஈசுவர சந்திர வித்யாசாகர் விதவை மறுமணத்திற்காக வாதாடினார்; 1856இல் சட்டமும் இயற்றப்பட்டது. அந்தமான் கைதியின் மனைவி விஷயத்தில் அவ்வைந்து நிலைகளில் இரண்டேனும் பொருந்தும். கணவன் காணாமற் போனவன்; அக்கால நம்பிக்கையின்படி வீழ்ச்சியுற்றவனுங்கூட. கடலைக் கடந்ததால் அவனைச் சாதியிலிருந்து தள்ளிய அதே சமூகம், அதே காரணத்தால் அவளுக்கு விடுதலை உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சாஸ்திரத்தின் பெயரால் பேசுவோர் பலர் சாஸ்திரம் முழுவதையும் பேசுவதில்லை.

வித்யாசாகரின் வெற்றியை இங்கே சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். எதிர்த்தவர்களும் சாஸ்திரத்தையே காட்டினர். பராசரரின் அவ்வனுமதி இக்காலத்திற்குரியதன்று என்றனர். சுலோகத்திற்கே வேறு பொருள் கூறினர். ஒரு சுலோகத்தின் பொருளைப் பொறுத்து ஆயிரக்கணக்கான இளம் விதவைகளின் வாழ்வு அமைவது சரியா? வித்யாசாகர் சாஸ்திரத்தைத் தேடியது சாஸ்திரம் சொன்னதால் இரங்கியதாலன்று. இரக்கம் முன்னே வந்தது; சுலோகம் பின்னே வந்தது. அச்சட்டத்தின் முகவுரை கவனிக்கத்தக்கது. மறுமணத்திற்குத் தடை விதிப்பது தம் சமயத்தின் உண்மைப் பொருளன்று என்று இந்துக்களில் பலர் நம்புகின்றனர். மாறாக நம்புவோரின் உணர்வில் தலையிடாமல் இவர்களுடைய தடையை நீக்குவதே நோக்கம் என்னும் கருத்து அதில் உள்ளது. எந்த விதவையையும் அச்சட்டம் மறுமணம் செய்துகொள்ளுமாறு வற்புறுத்தவில்லை. விரும்பியவளின் வழியிலிருந்த தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது.

சுருதி வேறு, ஸ்மிருதி வேறு என்பது நம் மரபின் அடிப்படைப் பாகுபாடு. ஆன்மாவைப் பற்றிய உண்மைகள் காலத்தால் மாறாதவை. மக்கள் எவ்வாறு உண்ண வேண்டும், மணக்க வேண்டும், சொத்தைப் பிரிக்க வேண்டும் என்பவை காலந்தோறும் மாறுபவை. சுவாமி விவேகானந்தர் இப்பாகுபாட்டைத் தம் இந்தியச் சொற்பொழிவுகளில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். சமூகச் சட்டங்களை வகுப்பது சமயத்தின் வேலையன்று, வேறுபாடுகளை அழிப்பதே அதன் குறிக்கோள் என்ற பொருளிலும் அவர் எழுதியிருக்கிறார். சமயத்தின் பகைவர் கூறும் கருத்தன்று இது. அதற்காகவே வாழ்வை அளித்தவர் கூறியது. ஸ்மிருதியைச் சுருதியின் பீடத்தில் ஏற்றிவைத்தால், ஸ்மிருதி உடையும் நாளில் சுருதியும் உடைந்ததாகவே மக்கள் எண்ணுவர். சென்ற நூற்றாண்டில் தமிழகத்தில் நடந்தது பெரும்பாலும் அதுவே.

சாட்சியின் தேவை

சடங்கு ஏன் தோன்றியது என்பதற்குத் தொல்காப்பியம் கற்பியலில் தரும் விடை வியப்பளிப்பது. காதலரிடையே பொய்யும் தவறுதலும் தோன்றிய பின்னர், பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்கிறார் தொல்காப்பியர். கரணம் வானிலிருந்து இறங்கியதாக அவர் சொல்லவில்லை. ஒருவன் ஒருத்தியைக் கூடிவிட்டு, 'இவளை நான் அறியேன்' என்று சொல்லத் தொடங்கியபோது, அப்படிச் சொல்ல முடியாதபடி செய்வதற்காக அமைந்த ஏற்பாடே அது. கொடுப்போர் இல்லாமல் உடன்போக்கில் சென்றோர்க்கும் கரணம் உண்டு என்றும் அவர் கூறுகிறார். தந்தை இல்லை என்பதற்காகப் பெண் பாதுகாப்பை இழந்துவிடலாகாது.

சகுந்தலையின் கதை இதையே வேறு வழியில் சொல்கிறது. துஷ்யந்தன் அவளை மணந்தது காந்தர்வ முறையில். அதை மனு எட்டுவகை மணங்களுள் ஒன்றாகவே எண்ணுகிறார். ஆயினும் சாட்சி இல்லை. அரசவையில் மகனுடன் வந்து நின்றவளை அரசன் மறுக்கிறான். மகாபாரதத்தில் அசரீரி வந்து அவளைக் காப்பாற்றுகிறது. அசரீரி வராத சகுந்தலைகள் எத்தனை பேர்!

கரணத்தின் வடிவமும் நிலையானதாக இருந்ததில்லை. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்களில் வரும் திருமணங்களில் பந்தலும், மணலும், நல்ல நாளும், வாழ்த்தும் உண்டு, எரியோம்புதல் இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் மறையோன் வழிகாட்டத் தீவலம் செய்கின்றனர். இவ்விரண்டில் எது தமிழர் திருமணம் என்று வழக்காடுவதில் பயனில்லை. இரண்டிலும் ஊர் கூடியிருக்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

இனி அண்மைக் காலத்திற்கு வரலாம். புரோகிதரும் மந்திரமும் இன்றி நடைபெற்ற சுயமரியாதைத் திருமணம் ஒன்று சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே நாளில் ஐயத்திற்குரியவை ஆயின. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மணமக்களில் ஒருவருடைய மரபுச் சடங்குகளின்படி மணம் நடைபெற வேண்டும் என்றது. அச்சடங்குகளில் சப்தபதி அடங்கியிருப்பின் ஏழாம் அடியுடன் மணம் நிறைவுறும் என்றது. 1967இல் அண்ணாதுரை தலைமையிலான அரசு அச்சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைத் தமிழ்நாட்டிற்காகச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் அறிவித்தாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும் என்றது அப்பிரிவு. முன்பே நடந்த மணங்களுக்கும் அது பொருந்தியது.

பக்தர்கள் பலர் அன்று இதனைச் சமயத்தின் மீது விழுந்த அடியாகவே கருதினர். அவ்வாறு கருதக் காரணமும் இருந்தது. அத்திருமணங்களின் மேடைகளில் தெய்வ நிந்தனை கேட்டதுண்டு. ஆயினும் சட்டத்தின் பயனை மேடைப் பேச்சால் அளக்கலாகாது. இதற்கு இரண்டு வழக்குகள் போதும்.

1965இல் உச்ச நீதிமன்றத்தின் முன் மகாராஷ்டிர வழக்கு ஒன்று வந்தது. மனைவி இருக்கையில் மறுமணம் செய்ததாக ஒருவன் மீது குற்றச்சாட்டு. இரண்டாம் மணத்தில் இன்றியமையாத சடங்குகள் நடைபெற்றதாக மெய்ப்பிக்கப்படவில்லை. எனவே அது சட்டத்தின் கண்களில் மணமே அன்று. மணமில்லையேல் இருதார மணக் குற்றமும் இல்லை. அவன் விடுவிக்கப்பட்டான். அக்கினியின் புனிதத்தைக் காக்க எழுந்த விதி, அக்கினி முன் கொடுத்த வாக்கை மீறியவனுக்கு அரணாயிற்று. தமிழ்நாட்டில் இன்னொருவர் அதே வாதத்தைக் கூறிப் பார்த்தார். மனைவி இருக்கத் திருத்தணியில் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டியவர் அவர். சப்தபதி நடைபெறவில்லை, ஆகவே இரண்டாம் மணம் செல்லாது என்றார். 7ஏ பிரிவின் கீழ் தாலி கட்டியதே போதும், அது திருமணந்தான், ஆகவே குற்றமும் குற்றந்தான் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. கைவிடப்பட்ட முதல் மனைவிக்கு நீதி கிடைத்தது, மந்திரமில்லா மணத்தை ஏற்ற அந்தப் பிரிவினால். தொல்காப்பியர் சொன்ன கரணத்தின் நோக்கம் இங்கே எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இப்போது மரைன் ஹில்லில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். அவ்வீட்டு மகளும் அவளை விரும்பும் தமிழ் இளைஞனும் பெற்றோர் முன்னிலையில் மாலை மாற்றி, உறுதிமொழி கூறி மணக்க விரும்புகின்றனர். சென்னையில் அது நிறைவான திருமணம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் கடந்து அதையே அந்தமானில் செய்தால் 7ஏ பிரிவின் நிழல் அங்கே விழாது. அப்பிரிவு தமிழ்நாட்டிற்குரியது, புதுச்சேரி தனக்கென 1971இல் அதை ஏற்றது, அந்தமானில் மூலச் சட்டமே நடக்கிறது. அத்தீவுகளிலேயே நிக்கோபாரிப் பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்துவதில்லை. ஒரே யூனியன் பிரதேசத்தில், ஒரே கப்பலில் வந்திறங்கும் மூவருக்கு மூன்று விதிகள். காலாபானியைக் கடந்தால் சாதி மாறும் என்றனர் முன்னோர். இன்று கடந்தால் சட்டம் மாறுகிறது.

மறுபக்கப் பிழை

சமயத்தைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கருதுவோரும் வரலாற்றைப் பார்க்கவேண்டும். பிரம்ம சமாஜத்தின் கேசவ சந்திர சேனர், உருவ வழிபாடற்ற தம் மணமுறைக்குச் சட்ட ஏற்பு வேண்டினார். கவர்னர் ஜெனரல் மேயோ பிரபுவின் காலத்தில் அம்மசோதா விவாதத்தில் இருந்தது. போர்ட் பிளேர் துறைமுகத்தின் எதிர்க்கரையிலுள்ள ஹோப் டவுனில் 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மேயோ ஒரு கைதியால் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் சட்டம் நிறைவேறியது. அதன்படி மணக்க விரும்புவோர், தாம் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, பௌத்தர், சீக்கியர், சமணர், யூதர் எவருமல்லர் என்று அறிவிக்க வேண்டும். இறைவனை ஒரே நாதனாக வணங்குவதற்காகவே புது மணமுறை கேட்டவர்கள், சமயத்தைத் துறந்து எழுதிக்கொடுத்த பிறகே மணம் செய்ய முடிந்தது. தேவேந்திரநாத தாகூரின் ஆதி பிரம்ம சமாஜத்தினர் இதை ஏற்கவில்லை. முன்பு சட்டம் நம்பிக்கையைக் கட்டாயமாக்கியது. இப்போது நம்பிக்கையின்மையைக் கட்டாயமாக்கியது. 1923இல் ஹரி சிங் கௌர் கொண்டுவந்த திருத்தத்தால் இந்துக்களும் பௌத்தர்களும் சீக்கியர்களும் சமணர்களும் தம் சமயத்தைத் துறக்காமலே தமக்குள் மணக்கும் வழி பிறந்தது. சமயம் கேளாத சிறப்புத் திருமணச் சட்டம் 1954இல்தான் வந்தது.

அதே கேசவர், பெண்ணுக்கு 14 வயது என்று அச்சட்டத்தில் இடம்பெறச் செய்தவர், 1878இல் அவ்வயது நிறையாத தம் மகளைக் கூச்பிகார் அரசருக்கு மணம் செய்துவித்தார். இறைவனின் ஆணை என்று அவர் கருதினார். சமாஜம் பிளந்தது. உள்ளுணர்வில் கேட்ட ஆணையை ஐயுற மற்றவருக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு சிறுமியின் வாழ்வை அதன்மேல் அமைக்கத் தந்தைக்கும் உரிமையில்லை.

குழந்தை மணத்தைப் பற்றிப் பேசும்போது அடியவர் உள்ளத்தில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. அன்னை ஸ்ரீசாரதாதேவியார் 1859இல் மணம்புரிந்தபோது ஐந்து வயது நிறைந்த சிறுமியல்லரா? அத்திருமணம் உலகிற்கு ஓர் ஒளியைத் தந்தது உண்மையே. ஆனால் ஒளி வந்தது அவ்விருவரிடமிருந்து; வயதிலிருந்தன்று. நிவேதிதையின் பள்ளியில் தங்கிப் படித்த இருபது, இருபத்திரண்டு வயதான, மணமாகாத இரண்டு மதராஸ் பெண்களைக் குறித்து அன்னையே மகிழ்ந்து பேசியதும், எட்டு வயதாவதற்குள் பெண்ணை அனுப்பிவிடத் துடிக்கும் தம் நாட்டுப்புற வழக்கத்தை நொந்துகொண்டதும் பதிவாகியுள்ளன. 1929இல் சாரதா சட்டம் வந்தபோது சாஸ்திரத்தின் பெயரால் எதிர்த்தோர், அன்னையின் இச்சொல்லை அறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிற சமயத்தாருக்கும் இதே பாதைதான். 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் கிறிஸ்தவக் கணவனுக்கு ஓர் அளவுகோலும் மனைவிக்கு வேறொன்றும் வைத்திருந்தது. 2001இல் அது திருத்தப்பட்டது. உடனடி முத்தலாக் 2017இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. உத்தராகண்டத்தின் பொது உரிமையியல் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே சட்டமா, பலவா என்பது அரசியலார் முடிவு செய்யவேண்டியது. இங்கே எழுப்பப்படும் வினா அதுவன்று. ஒன்றாயினும் பலவாயினும், அச்சட்டம் எந்த நியாயத்தின் மேல் நிற்கிறது என்பதே வினா. ஒரு நம்பிக்கை சட்டமாக வேண்டுமெனில், அந்நம்பிக்கை இல்லாதவனுக்கும் விளங்கும் நியாயமாக அது மொழிபெயர்க்கப்பட வேண்டும். 'மனைவியைக் கைவிடாதே' என்பது எளிதில் மொழிபெயரும். 'விதவை மங்கலமற்றவள்' என்பது எம்மொழியிலும் மொழிபெயராது.

சமயச் சார்பின்மை மட்டும் நீதியாகிவிடாது என்பதற்கு அந்தமானின் மண வரிசையே சான்று. அங்கே பெண்களை நிறுத்தி வைத்தது எந்தச் சாஸ்திரமும் அன்று. குடியிருப்பை நிலைபெறச் செய்ய விரும்பிய நிர்வாகம். சிறையில் இருப்பதா, முன்பின் அறியாதவனை மணப்பதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்வதை விருப்பம் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சடங்கு எதுவுமின்றிச் சான்றிதழ் மட்டும் பெற்ற ஒரு தம்பதியின் வழக்கில், இந்துத் திருமணம் ஒரு சம்ஸ்காரம், பதிவு மட்டும் அதை உண்டாக்காது என்று கூறியது. இதைச் சிலர் பின்னடைவு என்றனர். அவ்வாறு தோன்றவில்லை. ஒரு மரபின் பெயரைக் கேட்பவர் அதன் செயலையும் செய்யவேண்டும் என்பதில் அநீதி இல்லை. மரபு வேண்டாதவர்க்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தே இருக்கிறது, அதன் முப்பது நாள் அறிவிப்பு பல இளைஞர்களுக்கு இடையூறாயினும். ஏழாவது அடியில் மணமகன் மணமகளைத் தோழியாக ஏற்கிறான். தோழமையை எந்த நீதிமன்றமும் ஆணையிட்டுப் பெற்றுத்தர இயலாது.

துறவியின் மனைவி

பராசரர் கூறிய ஐந்தினுள் ஒன்று இன்னும் பேசப்படவில்லை. கணவன் துறவு பூண்டால் மனைவிக்கு விடுதலை உண்டு என்றார் அவர். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. கணவனோ மனைவியோ ஏதேனும் துறவு நெறியில் புகுந்து உலகைத் துறந்தால், மற்றவர் மணமுறிவு கேட்கலாம். துறவு இம்மரபின் மிக உயர்ந்த நிலை. நம்பிக்கையே சட்டத்தின் ஒரே அளவுகோலாக இருந்திருந்தால், துறவியின் மனைவி அந்த உயர்வில் பங்குகொண்டு அமைதியாகக் காத்திருக்க வேண்டும் என்றே சட்டம் சொல்லியிருக்கும். யசோதரையையும் விஷ்ணுப்பிரியையையும் அதற்கு எடுத்துக்காட்டாகவும் கூறியிருக்கும். ஸ்மிருதியும் சட்டமும் அவ்வாறு சொல்லவில்லை. அவனது உயர்வு அவனுடையது. அவளது வாழ்வு அவளுடையது என்றன.

தட்சிணேசுவரத்திற்கு ஒருவர் வந்து சில நாட்கள் தங்கினார். அங்கேயே தங்கிவிட விரும்புவதாகச் சொன்னார். மனைவியையும் பல குழந்தைகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணருக்குத் தெரியவந்தது. இறைவனுக்காக எல்லாவற்றையும் விடுவதைப் பற்றி இரவும் பகலும் பேசிய அவர், இந்த மனிதரை ஏற்கவில்லை. அக்கம்பக்கத்தாரா வந்து உன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வளர்ப்பார்கள், அதை வேறொருவர் செய்வதில் உனக்கு வெட்கமில்லையா என்ற கருத்தில் கடுமையாகக் கடிந்துகொண்டார். போய் ஒரு வேலை தேடிக்கொள் என்றார். அதன் பிறகே அவர் அங்கிருந்து புறப்பட இசைந்தார்.